உங்களுக்குத் தெரியுமா? வாத்தியாருக்குப் பிள்ளைகள் போடும் புள்ளி

● ஆசிரியரைத் தரம்பிரிப்பது நமக்குப் புதிது அல்ல. 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகள் சொல்கிறது. ஒன்று மடற்பனை. கருக்கு மட்டை களையாத மரத்தில் ஏறமுடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. இது கேள்வி கேட்கவிடாத வாத்தியார் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. நன்னூலுக்குக் காண்டிகையுரை தந்த ஆறுமுக நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர்.

● 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றைப் பார்த்தே அரசு காசு கொடுத்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளையைச் சோதிப்பார். பிள்ளை எடுக்கும் புள்ளியே வாத்தியாருக்கும் புள்ளி.

● 1973இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு நடிகர் விரிவுரை செய்தார். முன்னுக்குப் பின் முரணான பேச்சு. ஆனால் சிரிப்பும் கலகலப்பும் நிறைய. கேட்ட படித்தவர்கள் நல்ல புள்ளி போட்டார்கள்!

● 2007இல் இன்னொரு ஆய்வு: ஆசிரியரை மதிப்பிடும் படிவத்தை நிரப்பும் முன் மாணவருக்குச் சாக்லேட் கொடுத்தபோது புள்ளி கூடியது. (பனங்காய்ப் பணியாரத்தை இன்னும் யாரும் சோதிக்கவில்லை போலும்.)

● அப்படியென்றால் பிள்ளைகளை நம்பமுடியாதா? கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. 2009இல் கேட்ஸ் அறக்கட்டளை அமெரிக்காவில் சுமார் 3,000 ஆசிரியர்களைக் கொண்டு பெரிய ஆய்வொன்றைத் தொடங்கியது. ‘சேரைப் பிடிக்குமா?’ என்று கேட்காமல், விட்ட பிழையைத் திருத்தப் பழக்குகிறாரா, வகுப்பில் நேரம் வீணாகிறதா என்று பிள்ளைகள் கண்ணால் கண்டதைக் கேட்டார்கள். அதில் நல்ல புள்ளி எடுத்த ஆசிரியர்களின் பிள்ளைகள் கணிதத்திலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

● யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள். பாடசாலை ஆசிரியரின் வேலையைப் பார்ப்பவர்கள் அதிபர், வலய அதிகாரிகள், ஆசிரிய ஆலோசகர்கள். பிள்ளைகள் தங்கள் தீர்ப்பை ரியூட்டரி வாசலில் சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிடுகிறார்கள். அது சோதனைக்கு உதவுகிறவர் யார் என்பதைத்தான் காட்டும். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு விளங்கவைப்பவரை அல்ல.

● இங்கும் பிள்ளைகளிடம் படிவம் கொடுத்துக் கேட்பதென்றால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாளாந்தம் கொப்பி திருத்தும் ரீச்சருக்கு இருபது பிள்ளைகளின் கையெழுத்தும் அத்துப்படி. பெயரை எழுதாதே என்று சொன்னால் போதாது. சரி அடையாளம் மட்டும் போடும் படிவமாக இருக்கவேண்டும். அதை வேறொருவர் சேர்க்கவேண்டும். தவணைப் பரீட்சைப் புள்ளிகள் போட்டு முடிந்தபிறகே ரீச்சர் கையில், அதுவும் மொத்தக் கணக்காக, கொடுக்கவேண்டும். ஐந்தாறு பிள்ளைகளே உள்ள தீவகத்து வகுப்பென்றால் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்தே கணக்கெடுப்பது நல்லது.