குதிரையின் அடியில் ஒரு நாணயம்

சிவப்பு வண்ணத்தின்மேல் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற மின்கிதார் ஒன்றை, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தினர் 2019இல் நடத்திய ராக் இசைக் கருவிகளின் கண்காட்சியில் வைத்திருந்தார்கள். தந்திகளைத் தாங்கும் அதன் குதிரைக்கு அடியில் 1971ஆம் ஆண்டின் அமெரிக்கக் கால் டாலர் நாணயம் ஒன்று மரத்தோடு மரமாகத் திருகி இறுக்கப்பட்டிருக்கிறது. அலங்காரத்துக்காக வைத்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வாத்தியத்தின் சுருதி சுத்தத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

கிதாருக்குரியவர் எட்டி வான் ஹேலன். 1955இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, கலிபோர்னியாவின் பாசடீனாவில் வளர்ந்த அவர், 50 டாலருக்கு உடலும் 80 டாலருக்குக் கழுத்தும் வாங்கி, பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றின் குதிரையைப் பொருத்தி, தம் கையாலேயே அதை உருவாக்கினார். ஒட்டுப்போட்டு உண்டானது என்பதால் ‘ஃபிராங்கன்ஸ்ட்ராட்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

வீணையிலும் வயலினிலும் குதிரை அசையாமல் தந்திகளைத் தாங்குவது. லியோ ஃபெண்டர் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரிலோ, ஆறு திருகுகளை அச்சாகக் கொண்டு அது முன்னும் பின்னும் சாய்கிறது. மேலே தந்திகள் அதை ஒரு திசையில் சாய்க்க, உடலின் பின்புறக் குழிவிலுள்ள சுருள்வில்கள் எதிர்த்திசையில் சாய்க்க, ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஈடான இவ்விரு விசைகளின் சமநிலையில்தான் குதிரை நிற்கிறது. அதிலுள்ள கைப்பிடியை அழுத்தினால் குதிரையின் பின்விளிம்பு எழும்பி, தந்திகள் தளர்ந்து, நாதம் கீழிறங்குகிறது. இதை டிரெமலோ என்று அழைப்பது ஃபெண்டர் காலத்திலிருந்து வழங்கிவரும் பிழை; டிரெமலோ என்பது ஒலியின் வலிமை ஏறி இறங்குவதைக் குறிப்பது, சுருதி அசைவதற்கு உரிய பெயர் வைப்ரேட்டோ.

ஒரு தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்று பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1636இலேயே எழுதிவைத்தார். இழுவிசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் நாதம் ஒரு ஸ்தாயி இறங்கும். ஆகவே சுருதியை இறக்குவது எளிது. இறக்கிய சுருதி, கைப்பிடியை விட்டதும், அணுவளவும் பிசகாமல் பழைய இடத்துக்கே மீள வேண்டுமே, அதுதான் கடினம். தந்தி, கழுத்தின் உச்சியிலுள்ள மேருவின் பள்ளத்தில் வழுக்கி முன்னும் பின்னும் போகிறது. தந்தியை முறுக்கும் பிருடையில் சுற்றிய சுற்றுகள் நெகிழ்ந்து மறுபடி இறுகுகின்றன. குதிரையின் அச்சிலும் தேய்மானம் உண்டு. இம்மூன்று இடங்களிலும் உராய்வு சிறிது பிடித்துக்கொண்டால் போதும், மயிரிழை வித்தியாசத்தில் தந்தி நின்றுவிடும்; செவிக்கு அது பெரும் அபஸ்வரம்.

1978இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில், ‘எரப்ஷன்’ என்ற, இரண்டு நிமிஷத்துக்கும் குறைந்த தனி வாசிப்பில், வான் ஹேலன் நாதத்தைப் பாதாளம் வரை இறக்கி மீட்டது இந்தச் சாதாரண ஃபெண்டர் குதிரையைக் கொண்டுதான். மேருவைப் பித்தளையில் அமைத்து, பள்ளங்களில் எண்ணெய் விட்டு, தந்தி மேருவைக் கடந்து பிருடைக்குப் போகும் வழியில் கோணம் விழாதபடி சுற்றி, உராய்வை ஒவ்வோர் இடத்திலும் அவர் துரத்தினார். பௌதிக நூலைப் படித்துச் செய்ததன்று. காதைக் கொண்டே காரணத்தைக் கண்டுபிடித்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிற்பாடு, ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் 1979இல் காப்புரிமை பெற்ற அமைப்பை வான் ஹேலன் ஏற்றார். உராய்வைக் குறைப்பதற்குப் பதில், தந்தி நகரவே இடமில்லாமல் செய்வது ரோஸின் யுக்தி: மேருவிலும் குதிரையிலும் தந்தியை இறுகக் கவ்விவிட்டால், பிருடையில் என்ன நேர்ந்தாலும் நாதத்தைப் பாதிக்காது. குதிரையோ, பொற்கொல்லர் தராசின் துலாக்கோலைப் போல, கத்திமுனையின்மேல் ஆடுகிறது.

இவ்வளவும் செய்தபின் எஞ்சியிருந்த இடர் ஒன்றே. நாணயம் வந்தது அதற்காகத்தான். அந்தரத்தில் சமநிலையில் நிற்கும் குதிரையில், ஒரு தந்தி அறுந்தால் சுருள்வில்களின் கை ஓங்கி, மற்ற ஐந்து தந்திகளின் சுருதியும் ஏறிவிடும். ஒரு தந்தியை விரலால் வளைத்து ஏற்றினாலோ, ஏனையவை இறங்கும். சுருள்வில்களைச் சற்று அதிகமாக இறுக்கி, குதிரையின் பின்பகுதி 1.75 மில்லிமீட்டர் கனமுள்ள அந்த நாணயத்தின்மேல் படியும்படி செய்துவிட்டால், குதிரை அதற்குமேல் பின்சாய வழியில்லை. கைப்பிடியை விட்டதும் அது திரும்பிவந்து உட்காரும் இடம் எப்போதும் ஒன்றே. நாதத்தை மேலே ஏற்றும் வசதி போய்விடும் என்பது உண்மை. அந்தரத்தில் ஆடும் குதிரையின் மென்மையான நடுக்கத்தை விரும்பும் வாத்தியக்காரர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள். வான் ஹேலனுக்கு அந்த இழப்பு பொருட்டாகப் படவில்லை.

அதற்குக் கைம்மாறாக ஒன்று கிடைத்தது. வினாடிக்கு 82 அதிர்வுகள் கொண்ட அடித்தந்தியை 73க்கு இறக்கினால் அதன் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போகும். அந்தரத்துக் குதிரையானால் ஆறு தந்திகளும் கலைந்துவிடும். படிந்து அமர்ந்த குதிரையிலோ மற்ற ஐந்தும் அப்படியே நிற்கின்றன. இதைப் பயன்படுத்தி, பாட்டின் நடுவிலேயே விரலால் இழுத்து அடித்தந்தியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கவும், தள்ளிப் பழையபடி ஏற்றவும் உதவும் ‘டி-ட்யூனா’ என்ற சிறு கருவியைப் பிற்காலத்தில் அவர் கொண்டுவந்தார். குதிரை எதன்மேலாவது படிந்திருக்கும் கிதார்களில்தான் அது இன்றும் சரியாக வேலை செய்கிறது.