மாலை 5 மணிக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி!

விடிந்தும் விடியாத வேளை. மும்பையில் ஒரு நாக்கா. ஊரில் நாற்சந்தி என்று சொல்வதைத்தான் இங்கே நாக்கா என்கிறார்கள். டீக்கடை ஓரத்தில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் கையில் கொத்துக் கரண்டி. இன்னொருவர் கையில் பெயிண்ட் பிரஷ். சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்குடன் ஓரமாக உட்காருகிறார்கள்.

காண்டிராக்டர் வருவார். உடம்பைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார். "நீ வா, நீ வா" என்பார். வாட்டசாட்டமானவர்கள் முதலில் போவார்கள். வேலை தெரிந்தவர்கள் அடுத்துப் போவார்கள். மணி 9 ஆகும், 10 ஆகும். வெயில் ஏறும். அப்போதும் சிலர் நின்றுகொண்டே இருப்பார்கள்.

யார் அவர்கள்? வயதானவர். மெலிந்தவர். நேற்றுத்தான் ரெயிலை விட்டு இறங்கியவர். இந்தியும் வராது, மராத்தியும் வராது.

அவர்களுக்கு அன்று கூலி இல்லை. ஆனால் பசி உண்டு.

ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் காட்சியை ஒருவர் கதையாகச் சொல்லி இருக்கிறார். அவர்தான் ஏசுநாதர்.

தச்சர் சொன்ன கதைகள்

ஏசுநாதரை அவருடைய சொந்த ஊரான நாசரேத்தில் தச்சர் என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவர். அவர் கடவுளைப் பற்றிப் பேசியபோது பெரிய தத்துவங்களை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் தொலைந்துபோன ஒரு காசு, அதைத் தேடி விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் ஒரு பெண், மாவைப் புளிக்க வைக்கும் புளிப்பு, ஒரு கடுகு விதை, மீன் பிடிக்கும் வலை இவைதான் அவருடைய பாடப் புத்தகம்.

அந்த வரிசையில் ஒன்றுதான் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில், 20-ம் அதிகாரத்தில் இருக்கிறது. கூலி வேலை செய்கிறவர்களும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களும் ஒரு தடவையாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கதை.

ஒரு பணம் கூலி

ஒரு தோட்டக்காரர் அதிகாலையில் கடைத்தெருவுக்குப் போகிறார். அங்கே நிற்கும் ஆட்களிடம் கூலி பேசுகிறார். நாள் ஒன்றுக்கு ஒரு தெனாரியம். பழைய தமிழ் பைபிளில் இதை "ஒரு பணம்" என்று மொழிபெயர்த்து இருக்கிறார்கள். ஒரு கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம் அது. அதை வைத்து அவன் குடும்பம் அன்றைய பாட்டைப் பார்த்துக்கொள்ளும். மிச்சம் பிடிக்க முடியாது.

அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. காலை 9 மணிக்கு மறுபடி போகிறார். இன்னும் சிலரை அழைத்து வருகிறார். பகல் 12 மணிக்குப் போகிறார். 3 மணிக்கும் போகிறார். கடைசியாக மாலை 5 மணிக்கும் போகிறார். வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சூரிய உதயத்தில் இருந்து மணியை எண்ணுவார்கள். அதனால் மாலை 5 மணி என்பது பதினோராம் மணி. ஆங்கிலத்தில் கடைசி நேரத்தைப் "பதினோராம் மணி" என்கிறார்களே, அது இந்தக் கதையில் இருந்து போனதுதான்.

"யாரும் கூப்பிடவில்லை"

அந்த நேரத்திலும் அங்கே சிலர் நிற்கிறார்கள். பகல் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்பது அவர்களின் பதில்.

இந்தப் பதிலைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. சோம்பேறியாக இருந்தால் எப்போதோ வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். 5 மணி வரை நின்றிருக்கிறார்கள் என்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை என்று அர்த்தம். வேலை செய்வது கஷ்டம். வேலைக்காக நாள் முழுவதும் காத்து நிற்பது அதைவிடக் கஷ்டம். நின்றவர்களுக்குத்தான் அது தெரியும்.

தோட்டக்காரர் அவர்களையும் அனுப்பி வைக்கிறார்.

பொழுது சாய்கிறது. அன்றைய கூலியை அன்றைக்கே, சூரியன் மறைவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது யூதர்களின் பழைய சட்டம். ஏழை அந்தக் கூலியை நம்பித்தான் இருக்கிறான் என்று அந்தச் சட்டமே காரணமும் சொல்கிறது. தோட்டக்காரர் தன் காரியக்காரனைக் கூப்பிடுகிறார். ஊரில் மேஸ்திரி, மும்பையில் முக்காதம் என்கிறார்களே, அந்த மாதிரி ஆள். கடைசியில் வந்தவர்களில் இருந்து கூலியைக் கொடு என்கிறார்.

5 மணிக்கு வந்தவன் கை நீட்டுகிறான். அவன் கையில் விழுவது ஒரு முழுப் பணம்!

சீனியாரிட்டி

அதிகாலையில் இருந்து வெயிலில் பாடுபட்டவர்கள் இதைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கே ஒரு பணம் என்றால் நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் முறை வருகிறது. அவர்களுக்கும் ஒரு பணம்தான். முணுமுணுக்கத் தொடங்குகிறார்கள்.

இந்த முணுமுணுப்பு எந்த ஆபீசிலும் கேட்கக் கூடியதுதான். "20 வருஷ சர்வீஸ் எனக்கு. நேற்று வந்தவனும் நானும் ஒன்றா?" என்று கேட்காத குமாஸ்தா உண்டா? சீனியாரிட்டி பட்டியலில் ஓர் இடம் கீழே போனால் இரவில் தூக்கம் வராதே!

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோட்டக்காரர் சொல்லும் பதில் இதுதான்: உன்னிடம் பேசிய கூலியில் நான் ஒரு காசு குறைத்தேனா? இல்லையே. என் பணத்தில் இருந்து இவனுக்கும் கொடுக்க எனக்கு மனம் இருக்கிறது. நான் நல்லவனாக இருப்பது உனக்கு ஏன் உறுத்துகிறது?

இது முதலாளிகள் இஷ்டம்போல் சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கான கதை அல்ல. கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பணக்காரர்களை அதே பைபிள் வேறு இடத்தில் கடுமையாக எச்சரிக்கிறது. இங்கே யாருக்கும் எதுவும் குறையவில்லை. ஒருவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அதுதான் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை.

காலையில் வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுத்து அனுப்பி இருந்தால் சண்டையே வந்திருக்காது. சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். தோட்டக்காரர் வேண்டும் என்றேதான் வரிசையை மாற்றினார். அவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உம்மோடு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று சீடர் பேதுரு கேட்கிறார். அந்தக் கேள்வியை ஒட்டித்தான் கதை வருகிறது. சீடர்களிலேயே சீனியர் அவர்!

ரெயிலில் படித்த புத்தகம்

இந்தக் கதை தேவாலயத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. வெளியே நெடுந்தூரம் போயிருக்கிறது.

இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் என்ற அறிஞர் 1860-ல் பொருளாதாரம் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதினார். அவை 1862-ல் புத்தகமாக வந்தன. "கடைசியாக வந்த இவனுக்கும்" என்ற பொருளில், தோட்டக்காரரின் வார்த்தைகளையே அதற்குத் தலைப்பாக வைத்தார்.

1904-ல் தென் ஆப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் ரெயில் நிலையத்தில் ஓர் இந்திய வக்கீல் டர்பனுக்கு ரெயில் ஏறினார். வழியில் படிக்க நண்பர் போலக் ஒரு புத்தகம் கொடுத்தார். அதுதான் ரஸ்கின் எழுதிய அந்தப் புத்தகம். வக்கீல் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. அன்று இரவு அவருக்குத் தூக்கமும் வரவில்லை. அந்த வக்கீல்தான் காந்திஜி.

வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் ஒரே மதிப்புத்தான் என்பது அவர் அந்தப் புத்தகத்தில் இருந்து எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று. படித்ததோடு அவர் விடவில்லை. அதே ஆண்டில் டர்பன் அருகே பீனிக்ஸ் என்ற இடத்தில் பண்ணை அமைத்தார். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நிறம், நாடு என்ற வேற்றுமை இல்லாமல் மாதம் 3 பவுண்டு என்று ஒரே அளவு வைத்தார். "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகையின் அச்சகமும் அங்கே போயிற்று. தொடக்கத்தில் அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. 1908-ல் ரஸ்கினின் கருத்துகளைக் காந்திஜி குஜராத்தியில் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் "சர்வோதயம்".

வெள்ளித்திரையில்

ரஸ்கினின் புத்தகம் வந்த அதே 1862-ல் பிரான்சில் விக்டர் ஹியூகோவின் பெரிய நாவலும் வந்தது. சகோதரியின் பிள்ளைகளுடைய பசிக்காக ரொட்டி திருடியவன் 19 ஆண்டு சிறையில் கிடந்து வெளியே வருகிறான். ஊரில் எந்தச் சத்திரமும் அவனைச் சேர்க்கவில்லை. இவனையும் "யாரும் கூப்பிடவில்லை".

ஒரு பிஷப் மட்டும் கதவைத் திறந்து சோறு போடுகிறார். அவர் வீட்டு வெள்ளிச் சாமான்களையே திருடிக்கொண்டு அவன் ஓடுகிறான். போலீசார் பிடித்து வருகிறார்கள். பிஷப் என்ன செய்தார் தெரியுமா? இவற்றை நான்தானே கொடுத்தேன், விளக்குத் தண்டுகளையும் சேர்த்துத்தானே கொடுத்தேன், அவற்றை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டு அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார்! உழைப்புக்குக் கூலி அல்ல அது. தகுதி பார்க்காத தயவு. அந்த ஒரு நிமிடம் அவனை மனிதனாக்குகிறது.

இந்த நாவலைச் சுத்தானந்த பாரதியார் "ஏழை படும் பாடு" என்று தமிழில் தந்தார். 1950-ல் அதே பெயரில் சினிமாவும் வந்தது. டைரக்ட் செய்தவர் கே.ராம்நாத். நாகையா கதாநாயகன். விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்தவர் சீதாராமன். அந்தப் பெயரே அவரோடு ஒட்டிக்கொண்டது. கடைசி வரை "ஜாவர்" சீதாராமன்தான்! 1972-ல் வந்த "ஞான ஒளி"யில் சிவாஜி கணேசன் ஆண்டனியாகவும், மேஜர் சுந்தரராஜன் போலீஸ் அதிகாரி லாரன்சாகவும் நடித்தார்கள். அதிலும் சட்டத்துக்கும் இரக்கத்துக்கும் நடுவில்தான் போராட்டம்.

பைபிளைத் தொட்டே பார்க்காதவர்களும் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து இந்தக் காட்சிகளுக்கு அழுதார்கள். அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. பாடம் தானாக மனதில் இறங்கியது.

பத்துப் பேர் இருக்கும் அறை

சினிமாவுக்குக்கூடப் போக வேண்டாம். தாராவியிலோ, ஆண்டாப் ஹில்லிலோ பத்துப் பேர் தங்கி இருக்கும் ஓர் அறையைப் பார்த்தால் போதும்.

ஊரில் இருந்து ஒரு பையன் வந்து இறங்குகிறான். கையில் ஒரு பை. சட்டைப் பையில் யாரோ எழுதிக் கொடுத்த விலாசம். வேலை இல்லை. மெஸ் கணக்கில் அவன் பங்கு ஒரு காசும் இல்லை. ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். தட்டின் முன்னால் உட்காரத் தயங்கி வாசலிலேயே நிற்கிறான். அறையில் மூத்தவர் சொல்லுகிறார்: "வேலை கெடைச்ச பொறவு கணக்குப் பாத்துக்கிடலாம். இப்ப கையக் கழுவிட்டு உக்காருலே."

அவனுக்கு அரைத் தட்டுச் சோறு வைக்கிறார்களா? இல்லை. 12 மணி நேரம் உழைத்துவிட்டு வந்தவனுக்கு எவ்வளவோ, அவ்வளவு. வயிற்றுக்கு சர்வீஸ் கணக்கு கிடையாது என்பது அந்த அறைக்குத் தெரியும். அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் அப்படிக் கையில் காசில்லாமல் வந்து சாப்பிட்டவர்கள்தான்.

எப்படி ஜெபம் செய்ய வேண்டும் என்று சீடர்களுக்கு ஏசுநாதர் சொல்லிக் கொடுத்தார். அன்றன்றைய உணவைக் கேட்கும் வேண்டுதல் அதில் இருக்கிறது. அந்த இடத்தில் "எனக்கு" என்ற சொல் கிடையாது. "எங்களுக்கு" என்றுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லுகிறவர்கள் அந்த ஒரு சொல்லுக்குள் கடைசியாக வந்தவனையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். திங்கட்கிழமை அவன் வாசலில் வந்து நின்றால் பாயை நகர்த்தி இடம் கொடுக்க வேண்டியதும் அவர்கள்தான்.