பழைய ரைபிள் வாங்கினா பணம் பெருகுமா? மார்ட்டினி-ஹென்றி சொல்லித் தரும் முதலீட்டுப் பாடம்



இங்கிலாந்துல ஆன்சைட் போயிருக்கிற நம்ம வாசகர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கைக்கு போனஸ் வந்திருக்கு. அங்க ஒரு ஏலத்துல விக்டோரியா ராணி காலத்து மார்ட்டினி-ஹென்றி ரைபிள் வருதாம். 800 பவுண்டுக்குப் போகும்னு சொல்றாங்க. "140 வருஷப் பழசு. இனிமே யாரும் இதைச் செய்யப் போறதில்லை. விலை ஏறத்தானே செய்யும்? ஒரு வருஷம் எஸ்ஐபி-யை நிறுத்திட்டு வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

கேள்வி துப்பாக்கியைப் பத்தினதா இருந்தாலும், பழைய நாணயம், வாட்ச், ஸ்டாம்ப் எது வாங்க நினைச்சாலும் பதில் இதேதான். அதனால முழுசா பார்த்துடலாம்.

முதல்ல, இது என்ன பொருள்?

பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் ஏற்றுக்கொண்ட ரைபிள் இது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். கீழே இருக்கிற லீவரை இறக்கினா அறை திறக்கும், தோட்டாவை வெச்சு லீவரை மூடினா சுட ரெடி. 1879-ல் தென்னாப்பிரிக்காவில் ஜூலு வீரர்களோடு நடந்த போரில், ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் கையில் இருந்தது இதுதான். 1964-ல் வந்த 'ஜூலு' சினிமா அந்தச் சண்டையைப் பத்தினதுதான். பிரிட்டனில் இந்த ரைபிளுக்கு இவ்வளவு ரசிகர்கள் இருக்கிறதுக்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

பாடம் 1: பழசு வேற, அபூர்வம் வேற

ராணுவத் துப்பாக்கி ஒண்ணு ரெண்டா செய்யப்படுறது இல்லை. மார்ட்டினிக்கு அப்புறம் வந்த லீ-என்ஃபீல்டு ரைபிளை எடுத்துக்கோங்க. எல்லா மாடலும் சேர்த்து ஒரு கோடியே 70 லட்சம் வரை தயாரானதா கணக்கு சொல்றாங்க. நூறு வயசு ஆனாலும் அது அபூர்வப் பொருள் ஆகிடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சந்தையில் கம்மியா தெரியுற பொருள், எங்கயோ ஒரு குடோனில் மலை மாதிரி கிடக்கலாம். நிஜமாவே இது நடந்தது. காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனை. நேபாள ராணுவம் அங்கே பல தலைமுறையா பழைய ஆயுதங்களைப் போட்டு வெச்சிருந்தது. 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் அதை மொத்தமா வாங்கினாங்க. பிரிட்டனில் செய்த மார்ட்டினிகளும், நேபாளத்திலேயே செய்தவையும் பல்லாயிரக்கணக்கில் வெளியே வந்தன. அழுக்கு கூட துடைக்காத நிலையில் சில நூறு டாலருக்கே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. "இனிமே கிடைக்காது"ன்னு நம்பி அதுக்கு முன்னாடி விலை கொடுத்து வாங்கினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

பாடம் 2: ஏலத்துக்கும் செய்கூலி, சேதாரம் உண்டு

நகைக்கடை கணக்கு நமக்குத் தெரியும். வாங்கும்போது செய்கூலி சேர்ப்பாங்க, விக்கும்போது கழிப்பாங்க. ஏலமும் அப்படித்தான். கட்டணம் ஒவ்வொரு ஏல நிறுவனத்துக்கும் மாறும். ஒரு உதாரணத்துக்கு வாங்குபவர் கமிஷன் 25%, விற்பவர் கமிஷன் 15%, ரெண்டுக்கும் மேல 20% வாட் வரின்னு வெச்சுக்கோங்க.

- ஏல விலை 800 பவுண்டு. கமிஷன் 200, அதுக்கு வாட் 40. உங்க பாக்கெட்ல இருந்து போறது 1,040.
- மறுநாளே அதே 800-க்கு வித்தா? கமிஷன் 120, வாட் 24 கழியும். கைக்கு வர்றது 656.
- நஷ்டம் 384 பவுண்டு. போட்ட பணத்தில் கிட்டத்தட்ட 37%!

போட்ட பணம் திரும்ப வரணும்னாலே ஏல விலை 1,270 பவுண்டுக்கு ஏறணும். வருஷம் 5% ஏறினாலும் அதுக்கு ஒன்பதரை வருஷம் ஆகும். அதுவும் பணவீக்கத்தைக் கணக்கில் சேர்க்காம! இந்த ஒன்பதரை வருஷத்துல ரைபிள் ஒரு பைசா வட்டியோ டிவிடெண்டோ தராது.

பாடம் 3: போலியைக் கண்டுபிடிக்கத் தெரியணும்

ஆப்கன் எல்லையில் கைபர் கணவாய்ப் பக்கம் உள்ள பட்டறைகளில் பிரிட்டிஷ் ரைபிள்களைப் பார்த்து அப்படியே கையால் செய்வாங்க. முத்திரை உட்பட எல்லாம் இருக்கும். ஆனா முத்திரையில் ஸ்பெல்லிங் தப்பும், ஆங்கில 'என்' எழுத்து திருப்பிப் போட்டிருக்கும். விக்டோரியா ராணி இறந்தது 1901-ல். அதுக்கு அப்புறம் உள்ள வருஷத்தைப் போட்டு, அவங்க முத்திரையையும் குத்தி வெச்சிருந்தா உஷார் ஆகணும்.

அசல் பொருளிலும் ஒரு பொறி இருக்கு. "பளபளன்னு இருக்கு"ன்னு சந்தோஷப்படாதீங்க. பழைய மேற்பூச்சைச் சுரண்டி பாலிஷ் போட்டா சேகரிப்பாளர் மத்தியில் மதிப்பு இறங்கும். போருக்கு அப்புறம் மலிவா வித்த லீ-என்ஃபீல்டுகளை வேட்டைக்காக வெட்டிச் சுருக்கினவங்க நிறைய பேர். இன்னைக்கு வெட்டாத துப்பாக்கிக்குத்தான் கிராக்கி.

பாடம் 4: சட்டம் மாறினா மதிப்பும் மாறும்

பிரிட்டனில் மார்ட்டினியின் தோட்டா, வழக்கொழிந்த வகைகளின் பட்டியலில் இருக்கு. அதனால அலங்காரப் பொருளா மட்டும் வெச்சிருந்தா சான்றிதழ் தேவையில்லை. சுடணும்னு நினைச்சா தேவை. லீ-என்ஃபீல்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2021-ல் வந்த புது விதிகள் சில கைத்துப்பாக்கித் தோட்டா வகைகளை அந்தப் பட்டியலில் சேர்க்கலை. அதுவரை சுதந்திரமா வெச்சிருந்தவங்க உரிமம் தேட வேண்டியதாச்சு.

முக்கியமா, ஆன்சைட் முடிஞ்சு ஊருக்குத் திரும்பும்போது சூட்கேஸ்ல போட்டு எடுத்துட்டு வர முடியாது. நம்ம 1959 ஆயுதச் சட்டம், ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு மட்டும்தான் விலக்கு தருது. நல்ல நிலையில் இருக்கிற மார்ட்டினி அதில் அடங்காது. அப்போ அவசரமா, வந்த விலைக்கு வித்துட்டு வரணும்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. வரலாறு பிடிக்கும், கைல எடுத்துப் பார்த்தா சந்தோஷமா இருக்கும்னா, அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. ஆனா அந்தப் பணம் டூர், கேமரா வாங்குற செலவுக் கணக்கில் இருந்து போகட்டும். எஸ்ஐபி-யில் இருந்தும் எமர்ஜென்சி ஃபண்டில் இருந்தும் வேண்டாம். வாங்கும் முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: "இது நாளைக்குப் பாதி விலைக்குப் போனாலும் எனக்கு இது பிடிக்குமா?" பதில் 'ஆமாம்'னா தாராளமா வாங்குங்க. தயக்கம் வந்தா, நீங்க தேடுறது ரைபிள் இல்லை, லாபம். அதுக்கு வேற வழி இருக்கு.

நம்ம வாசகருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: எஸ்ஐபி ஓடட்டும். ஒரு சனிக்கிழமை லீட்ஸ் நகரத்தில் இருக்கிற ராயல் ஆர்மரீஸ் மியூசியத்துக்குப் போயிட்டு வாங்க. பழைய ஆயுதங்களை ஆசை தீரப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பார்த்துட்டு வந்த பிறகும் ஆசை இருந்தா, அடுத்த போனஸ்ல பேசலாம்!