அம்மாவுக்குப் புரியும்... கண்டக்டருக்கு?

“எம் புள்ள பேசுறது எனக்கு நல்லாப் புரியுதே!”

வில்லியனூரோ, பாகூரோ, மூளை முடக்குவாதக் குழந்தையின் அம்மா சொல்வது இதுதான். பழகின காதாச்சே! பஸ் கண்டக்டருக்குப் புரியுமா? ‘வைக்கிங்’ பேச்சு அளவுகோல் கேட்பதும் அதையே. தெளிவான பேச்சு 1-ம் நிலை. திருத்தமில்லாவிட்டாலும் அந்நியருக்குப் பெரும்பாலும் புரிந்தால் 2, புரியாவிட்டால் 3. புரியும்படி பேச்சே இல்லையென்றால் 4.

முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோரிமேடு ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், வீட்டுப் பேச்சை செல்போனில் பதிவு செய்யுங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது!

4-ம் நிலை என்றால் அறிவில்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. நாக்கு, உதடு, மூச்சுத் தசைகள்தான் ஒத்துழைக்கவில்லை. “தண்ணி எங்கே?” என்றதும் கண் குடத்துக்குப் போகிறதா? புரிகிறது! படம் காட்டிப் பேசப் பழக்குங்கள், இன்றைக்கே.