ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பதனிடுதல்

ஆடு மாடு வளர்க்கும் கமக்காரர் பலர் பாலுக்கும் இறைச்சிக்கும் விலை பேசுவர், தோலைப் பொருட்படுத்துவதில்லை. வேலியிலே வெயிலிற் காயவிட்டு, வாங்க வருபவர் கொடுத்ததைப் பெற்றுக்கொள்வர். அவ்வாறு காயும் தோலின் மேற்புறம் விறைத்துவிட, உள்ளே ஈரம் தங்கி அழுகத் தொடங்கும். அக்கேடு உடனே கண்ணுக்குப் புலப்படாது. பதனிடுவோர் சுண்ணாம்புத் தொட்டியில் இட்ட பின்னரே தோல் கொப்புளித்துக் கிழியும்.

பச்சைத் தோலின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீராகும். ஆதலின் உரித்த சில மணி நேரத்துள் உப்பிடுதல் வேண்டும். ஒட்டியுள்ள இறைச்சியையும் கொழுப்பையும் நீக்கிக் கழுவி, நீரை வடியவிட்டு, நிழலிலே இறைச்சிப்புறம் மேலாக விரிக்குக. 2 கிலோ நிறையுள்ள ஆட்டுத் தோலுக்கு ஏறத்தாழ 1 கிலோ உப்பு வேண்டும். கழுத்திலும் கால்களிலும் ஓரங்களிலும் நன்கு தேய்க்குக. இங்கே உப்பில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். வடியும் உப்புநீரை வயலிலோ கிணற்றடியிலோ விடலாகாது, பயிர் கருகும்.

உரிக்கும்போது இயன்றவரை கத்தியைத் தவிர்த்து, கைமுட்டியால் தள்ளி உரித்தால் தோலில் ஓட்டை விழாது. விலாவிலே குறிசுட்ட மாட்டின் தோலில் பெறுமதி மிக்க பகுதியே கெடுகின்றது.

திடீரென இறந்து, மூக்கு, வாய், மலவாயில் வழியே உறையாத இரத்தம் வடியும் விலங்கைத் தொடவே கூடாது. அது அந்திராக்சு எனப்படும் அடைப்பான் நோயாயிருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். உரிக்காது, வெட்டாது, மிருக வைத்தியருக்கு உடனே அறிவிக்குக.

உப்பிட்ட தோலை, பதனிடுவோர் நீரில் ஊறவைத்துப் பின்னர் சுண்ணாம்பு நீரில் இடுவர். மயிர்க்கால்கள் தளர்ந்ததும் மயிரையும் எஞ்சிய சதையையும் சுரண்டி, சுண்ணாம்பைப் போக்குவர். அதன்மேல் துவர் ஏற்றப்படும். நமது வறண்ட பிரதேசங்களில் மஞ்சட் பூப் பூக்கும் ஆவரசின் பட்டை இதற்குப் பெயர் பெற்றது, கடுக்காயும் உதவும். அவற்றிலுள்ள துவர்ப்பொருள் தோலின் நார்களோடு பிணைந்து, அவை அழுகாவண்ணம் காக்கின்றது. முதலில் ஐதான சாற்றிலும், படிப்படியாகக் கடுஞ்சாற்றிலும் தோலை இடுவர். தொடக்கத்திலேயே கடுஞ்சாற்றில் இட்டால் மேற்புறம் இறுகி, நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். ஓரத்தைச் சிறிது வெட்டிப் பார்த்தால், நடுவிலே வெளிறிய கோடு அதனைக் காட்டிக்கொடுக்கும்.

இம்முறைக்கு வாரக்கணக்காகும். குரோமிய உப்பினால் பதனிடுதல் ஏறக்குறைய ஒரு நாளில் முடியுமாயினும், அதன் கழிவுநீரைச் சுத்திகரியாது வாய்க்காலில் விட்டால் நிலமும் நீரும் கெடும். எம்முறையிற் பதனிடினும், ஈரம் முற்றாக நீங்குமுன் எண்ணெய் ஊட்டி நிழலில் உலர்த்திய தோலே வளைந்து கொடுக்கும்.