ரசிகரை விலக்கி நிறுத்திய சித்திரம்

1961-ல் வெனிஸ் விழாவில் பிரதம பரிசு பெற்றும், முன்பின் விளங்காத கதையால் ஜனங்களைத் திகைக்க வைத்த அலென் ரெனேயின் பிரெஞ்சுப் படத்தைப் போல, நம் பாஷையிலும் ஒரு மனோதத்துவச் சித்திரம் ரசிகர்களை எட்ட நிறுத்தியது என்பதும், பாளையங்கோட்டையின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வை நாவலாக்கிய நெல்லைச் சீமையின் வண்ணநிலவன் அதன் வசனத்தில் பங்கு கொண்டார் என்பதும் நம்மவர் அறியத்தக்கவை.

1978-ல் கறுப்பு வெள்ளையில் வெளிவந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’, கமலும் ரஜினியும் நடித்திருந்தும் ஆரம்பத்தில் கொட்டகைகளை நிரப்பவில்லை. தாயின் நடத்தையாலும் நம்பிய ஆடவர்களாலும் பால்யம் முதல் காயமுற்று, நெருங்கிவரும் அன்பையே சந்தேகிக்கும் மஞ்சுவிடம் (ஸ்ரீப்ரியா அபாரமாக நடித்தார்) அநுதாபம் கொள்ளவும் வெறுக்கவும் இயலாமல் ஜனங்கள் தவித்தார்கள். கடைசியில், அவளிடம் அன்பு காட்டிய அருணின் (கமல்) புது மனைவியிடம் பெண் விடுதலையைப் பற்றி மஞ்சு கேட்க, அவள் தெரியாதென்கிறாள். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று சொல்லும் மஞ்சுவைத் தெருவில் விட்டுவிட்டுக் கார் போய்விடுகிறது. சுபமான முடிவுக்குப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமே. எனினும், அவளைத் திருத்தி மாலையிட்டு அனுப்பாத அந்தச் சத்தியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வங்க டைரக்டர் மிருணாள் சென் இப்படத்தைப் புகழ்ந்த பிறகே விமரிசகர் பார்வை திரும்பியது. ருத்ரய்யாவோ, 1980-ல் ‘கிராமத்து அத்தியாயம்’ என்ற இரண்டாவது படமும் தோற்க, வேறு படம் வெளியிடாமலே 2014-ல் காலமானார்.