நூல் என்னும் ஒரு சொல்

பட்டு நெய்யும் ஆரணி வட்டாரத்து முள்ளிப்பட்டில் 'நூல்' என்றால் தறிதான் நினைவுக்கு வரும். ஆயினும் அச்சொல் தறியோடு நின்றுவிடவில்லை. ஒருவர் உள்ளத்தை மெல்ல ஆழம் பார்ப்பவரை 'நூல் விடுகிறார்' என்கிறோம். வரிசை கோணாதிருந்தால் 'நூல் பிடித்தாற்போல்' என்கிறோம். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம்.

புத்தகமும் நூலே. சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூற்பவராகவும், அறிவைக் கதிராகவும் உவமித்து, நன்னூலில் பவணந்தியார் அதற்குக் காரணம் காட்டினார். தச்சனது நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல், கல்வி நூல் மனக்கோணலைத் தீர்க்கும் என்றும் அவர் உரைத்தார்.

ஆங்கில மரபுத்தொடர்களை உருப்போடும் நம் மாணவர்கள் இவற்றையும் அறிதல் வேண்டும். தறிகள் ஓய்ந்துவிட்டால் சொற்கள் அகராதியில் தங்கும். இழையைக் கண்ணால் கண்டு பொருளுணரும் வாய்ப்பு மட்டும் போய்விடும். ஆகவே, நெசவாளர் பிழைப்பைக் காப்பது தமிழைக் காப்பதுமாகும்.